தண்ணியில கண்டம்

இது கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு கோவளம் பீச்சுக்குப் போனேன். கேரளாக் கோவளம் இல்லை, நம்ம ஈசிஆர் கோவளம். பையனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் என்று எழுதியிருக்கிறது. அங்கே அவனை அலைச்சறுக்கு கத்துக்கத்தான் கூட்டிப் போகிறேன் என்பதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. "கடல் பார்த்துட்டு வர்றோம்" என்று மட்டும் சொன்னேன்.

திட்டுறதா இருந்தா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க.

எங்க ஊர் திருப்புலிவனம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில். புலிக்கால் முனிவர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சிவன் கோயில் இருப்பதால் அந்தப் பெயர். உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வரும். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. அந்தக் கல்வெட்டில் வரும் வாரியங்களில் ஏரி வாரியம் என்று ஒன்று உண்டு. ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒரு குழு, ஆயிரம் வருடத்துக்கு முன்னால். வைரமேகத் தடாகம் என்று கல்வெட்டில் பெயர் வரும் அந்தப் பெரிய ஏரி இன்றும் இருக்கிறது. வடக்கே செய்யாறு. சுற்றிலும் ஊருக்கு ஊர் ஏரி.

இவ்வளவு தண்ணி இருக்கிற ஊரில் பிறந்த எனக்கு நீச்சல் தெரியாது.

எனக்கு மட்டும் இல்லை. என் கூடப் படித்தவர்களில் நீச்சல் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். எங்கப்பா தலைமுறை அப்படி இல்லை. இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி டின்னோ கட்டி, பம்ப்செட் கிணற்றில் தூக்கிப் போட்டுத்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்புறம் போர் போட்டார்கள். கிணறு வற்றியது. சில கிணறுகளைத் தூர்த்தே விட்டார்கள். ஏரியும் மழை நல்லாப் பெய்த வருடம் மட்டும்தான் நிறையும். நடுவில் நாலு வருடம் காய்ந்து கிடக்கும்போது மண் அள்ளுவார்கள். பிறகு ஒரு வருடம் கொட்டித் தீர்க்கும், ஏரி ரொம்பிவிடும். தண்ணியையே பார்க்காமல் வளர்ந்த பசங்க ஆசையாக இறங்குவார்கள். முட்டி அளவு, இடுப்பு அளவு, அடுத்த அடி மண் எடுத்த பள்ளம்.

அந்தப் பள்ளத்திலிருந்து வருகிறவர்களை அரசு மருத்துவமனையில் நாங்கள் பார்ப்போம்.

ஒரு கேஸை மட்டும் சொல்கிறேன். ஊர், வயது, வருடம் எதுவும் சொல்ல மாட்டேன். டூவீலரில் நடுவில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். பள்ளிக்கூடப் பையன். வழியிலேயே இரண்டு முறை நிறுத்தி வயிற்றை அமுக்கியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் கரையில் வைத்து, ஒருத்தர் அவனைத் தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றியிருக்கிறார். எல்லாமே அன்பால் செய்ததுதான். தண்ணீரை வெளியே எடுத்துவிட்டால் உயிர் திரும்பிவிடும் என்று நம்புகிறார்கள். நாங்கள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் சிபிஆர் கொடுத்தோம். அவன் கால் விரல் இடுக்கில் ஏரிச் சேறு இருந்தது. அதை நர்ஸம்மா ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் அவன் அம்மாவை உள்ளே விட்டார்கள்.

அந்தம்மா என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார். "பக்கத்துல ஆளு நின்னுச்சாமே சார். ஒரு சத்தம்கூடவா போடல எம் புள்ள?"

அவருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியும். மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் சத்தம் போட மாட்டார்கள். சினிமாவில் வருவது மாதிரி "காப்பாத்துங்க" என்று கையை ஆட்டுவது, தண்ணீர் இன்னும் ஜெயிக்காத ஆள். நிஜமாக மூழ்கும்போது வாய் தண்ணிக்கு மேலே வருவதே ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் மூச்சை இழுக்கத்தான் உடம்பு பார்க்கும், கத்தப் பார்க்காது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், ஆட்ட வராது. கரையில் நிற்பவர்களுக்கு அது விளையாட்டு மாதிரித் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் சாவுக் காரணங்களில் இது மூன்றாவது இடம். டெங்குவுக்கு நாம் பயப்படுகிறோம், சரி. இதற்கு யாரும் ஃபிளக்ஸ் வைப்பதில்லை.

இப்போ அக்கா பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

பிறந்த ஒன்றாம் மாதமே ஜோசியர் சொல்லிவிட்டார், பதினாறு வயது வரைக்கும் தண்ணீரில் கண்டம். அதனால் அவனை ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குக்கூட அனுப்பியதில்லை. ஸ்கூல் டூரில் கடற்கரை இருந்தால் அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும். காய்ச்சலுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் நான்தான் தரணும் என்று வேறு கேட்பாள். (தரவில்லை.) அக்காவைக் கிண்டல் பண்ண இதை எழுதவில்லை. பிள்ளையைப் பறிகொடுக்கக் கூடாது என்கிற பயம் அது, எனக்கும் அதே பயம்தான். ஆனால் ஒருவனுக்குத் தண்ணீரில் ஆபத்து என்று நிஜமாகவே நம்பினால், முதலில் செய்ய வேண்டியது அவனுக்கு நீச்சல் சொல்லித் தருவதுதானே? நாம் நேர் எதிராகச் செய்கிறோம்.

இதை நான் மூன்று வருடமாக அக்காவிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். "நீ முதல்ல கத்துக்கிட்டு வந்து சொல்லு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

காலையில் நாலரை மணிக்குக் கிளம்பினோம். உத்திரமேரூர், செங்கல்பட்டு, திருப்போரூர், கேளம்பாக்கம். கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குத் திரும்பும் ரோட்டில் இரண்டு பக்கமும் உப்பங்கழி. பையன் பைக்கை நிறுத்தச் சொன்னான். கடல் இதுதான் என்று நினைத்துவிட்டான். "இது இல்லடா" என்றேன். அந்தக் கழியையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோவளம் பழைய ஊர். நவாப் காலத்துக் கோட்டை ஒன்று இருந்தது, 1752இல் ராபர்ட் கிளைவ் பிடித்து இடித்துப் போட்டார். அந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஓட்டல். ஒரு பக்கம் மாதா கோயில், ஒரு பக்கம் தமீம் அன்சாரி தர்கா, நடுவில் மீனவக் குப்பம். 2021இல் இந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. தண்ணீர் தரம், கழிப்பறை, உயிர்காப்பாளர் எல்லாம் பார்த்துக் கொடுக்கிற சர்வதேசச் சான்றிதழ். அந்தப் பகுதி குடை, நாற்காலி, கண்காணிப்புக் கோபுரம் என்று பளிச்சென்று இருக்கும்.

நாங்கள் போனது அதற்கல்ல. போர்டு வைத்திருக்கிறவர்கள் பக்கம்.

அந்த இடத்தை எப்படிச் சொல்வது? வலையைக் காயப்போட்டிருக்கிற மணலிலேயே பத்துப் பதினைந்து சர்ஃப் போர்டு அடுக்கி வைத்திருக்கிறது. ஃபைபர் படகின் நிழலில் ஒரு நாய், அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், இரண்டு பேரும் ஒரே மாதிரி தூங்குகிறார்கள். உப்பிலும் வெயிலிலும் செம்பட்டையாகிப் போன முடியோடு குப்பத்துப் பையன்கள். ஓஎம்ஆர் ஐடி கம்பெனி ஆட்கள், கையில் போர்டு, கழுத்தில் தாயத்து மாதிரி ஏதோ. ஒரு அம்மா மீன் கூடையோடு நடுவில் நடந்து போகிறார், யாரையும் கண்டுகொள்ளாமல். யாரும் யாரையும் "நீ யாரு, எங்க வேலை" என்று கேட்கவில்லை. எங்க ஊரில் பஸ் ஸ்டாப்பில் இரண்டு நிமிடம் நின்றால் சம்பளம் வரைக்கும் கேட்டுவிடுவார்கள். எனக்கு அந்த அமைதியே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

முதலில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். இது பணக்காரப் பசங்க விளையாட்டு, குப்பத்து ஆட்கள் அதற்கு எடுபிடி, அவ்வளவுதான் என்று. அப்படி இல்லை. இந்த ஊரில் இதை ஆரம்பித்ததே மூர்த்தி மேகவன் என்கிற மீனவர். மரப்பலகையில் அலையேறிப் பழகியவர், ஒரு வெளிநாட்டுக்காரர் கொண்டு வந்த போர்டைப் பார்த்து அதில் ஏறினார். பிறகு குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர ஆரம்பித்து, 2012 வாக்கில் அது கோவ்லாங் பாயிண்ட் என்கிற சர்ஃப் பள்ளியானது. அவருடைய நிபந்தனை குடி, சிகரெட் கூடாது என்பது. மீனவக் குப்பத்தில் அது சின்ன நிபந்தனை இல்லை. அடுத்த வருடம் சர்ஃப் திருவிழா, ஜான்டி ரோட்ஸ் எல்லாம் வந்து அலையில் விழுந்து எழுந்தார். கர்நாடகா மூல்கியில் 'சர்ஃபிங் சுவாமி' ஜாக் ஹெப்னர் 2004இலேயே ஆசிரமத்தோடு சேர்த்து இதைத் தொடங்கியிருந்தார், அது தனிக் கதை. மகாபலிபுரத்தில் கமலி என்று ஒரு பெண், சின்ன வயதிலேயே ஸ்கேட்போர்டும் சர்ஃபிங்கும், அவளைப் பற்றி 2019இல் ஆவணப்படமே வந்தது. 2025 ஆகஸ்டில் அதே மகாபலிபுரத்தில் ஆசியப் போட்டி நடந்தபோது ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். ஆசியப் போட்டியில் இந்தியருக்குத் தனிநபர் பதக்கம் அதுதான் முதல் முறை. (அவர் கேரளாக் கோவளம். இந்த இரண்டு கோவளத்தோடு பெரிய தொல்லை.)

எங்களுக்குச் சொல்லித் தர வந்த தம்பிக்கு இருபத்தி ரெண்டு வயசு இருக்கும். முதல் கேள்வி, "நீச்சல் தெரியுமா?"

பையன் இல்லை என்றான். "உங்களுக்குண்ணா?"

"எனக்கும் தெரியாது."

"டாக்டர்னு சொன்னீங்க?"

மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருடத்தில் நீச்சல் பாடம் இல்லை என்று அவனுக்கு எப்படி விளக்குவது.

நீச்சல் தெரியாதவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணிக்கு மேல் கிடையாது, லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்றான். உடனே தண்ணீருக்குள் கூட்டிப் போவான் என்று நினைத்தேன். எங்கள் இரண்டு பேரையும் மணலில் உட்கார வைத்தான். "பத்து நிமிசம் கடலைப் பாருங்க. எங்க இறங்கலாம்னு சொல்லுங்க."

பார்த்தோம். எல்லா இடத்திலும் அலை வெள்ளையாக உடைந்து வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், சின்னச் சந்து மாதிரி, அலை உடையாமல் அமைதியாக, தண்ணீர் கொஞ்சம் கருத்த நிறத்தில் இருந்தது. நான் அதைத்தான் காட்டினேன். பையனும் அதையே காட்டினான். குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பமும் சரியாக அந்த இடத்துக்கு நேராகத்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"அதான்ணா இழுக்கிற இடம்," என்றான் தம்பி. எழுந்து போய் அந்தக் குடும்பத்தை நகர்த்தி உட்கார வைத்துவிட்டு வந்தான்.

ரிப் கரண்ட். பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். அலை அலையாகக் கரைக்கு வருகிற தண்ணீர் எல்லாம் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும் இல்லையா? மணல் மேட்டுக்கு நடுவில், பாறை ஓரத்தில், எங்கே ஆழமான சந்து கிடைக்கிறதோ அதன் வழியாக மொத்தமாகப் பாய்ந்து போகிறது. ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது. அதனால் அமைதியாகத் தெரியும். அந்த அமைதியைப் பார்த்துத்தான் நாம் இறங்குகிறோம். வேகம் பிடித்தால் ஒலிம்பிக் நீச்சல்காரராலேயே எதிர்த்து நீந்த முடியாது. நல்ல விஷயம் ஒன்று உண்டு. அது ஆளை அடிக்கு இழுப்பதில்லை, வெளியேதான் இழுக்கிறது. கொஞ்ச தூரத்தில் வலுவிழந்துவிடும். செத்துப்போகிறவர்களில் நிறையப் பேர் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தி, களைத்துப் போய் மூழ்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதந்து, மூச்சைக் காப்பாற்றி, கையைத் தூக்கிக் காட்டணும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தச் சந்தை விட்டு வெளியே வரணும்.

நான் இதை டாக்டர் மாதிரி பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். தம்பி சிரித்துக்கொண்டே, "கரெக்ட்ணா. ஆனா எங்களுக்கு அதான் லிஃப்ட்டு," என்றான்.

புரியவில்லை. கையைக் காட்டினான். குப்பத்துப் பையன் ஒருவன் போர்டோடு ஓடி வந்து அதே கருத்த சந்தில் குதித்துப் படுத்தான். கையைக்கூடப் பெரிதாக ஆட்டவில்லை. தண்ணீரே அவனைத் தூக்கிக்கொண்டு போய், அலை உடைகிற இடத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டது. அங்கே போர்டின் மேல் உட்கார்ந்து, ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தான். நல்ல அலை வந்ததும் ஏறி, நின்று, சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

அதே சந்துதான். மெரினாவிலும் மகாபலிபுரத்திலும் கல்லூரிப் பசங்களைக் கூட்டம் கூட்டமாக இழுத்துப் போகிறதும் இதே மாதிரிச் சந்துதான்.

எனக்கு அந்த அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் கடலைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணலிலேயே முக்கால் மணி நேரம் பயிற்சி. போர்டில் குப்புறப் படுக்கணும், கையால் துடுப்புப் போடணும், இரண்டு கையை ஊன்றி ஒரே மூச்சில் எழுந்து நிற்கணும். விழுந்தால் தட்டையாக விழணும், தலைகீழாகக் குதிக்கக்கூடாது, மேலே வரும்போது கையால் தலையை மறைத்துக்கொண்டு வரணும். போர்டு வந்து மண்டையில் அடிக்காமல் இருக்க. இது ரொம்ப முக்கியம். ஆழமில்லாத தண்ணியில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாமல் போன இளைஞர்களைப் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். கிணற்றில் 'டைவ்' அடிக்கிற தம்பிகளும் கேட்டுக்குங்க.

பிறகு இறங்கினோம். பையன் முதல் அலையில் விழுந்தான். இரண்டாவதில் விழுந்தான். மூன்றாவது அலை கொஞ்சம் பெரிது, போர்டு மட்டும் மேலே வந்தது, ஆள் வரவில்லை.

இரண்டு நொடி இருக்கும். மூன்றுகூட இருக்கலாம். தம்பி அவனுக்குக் கை எட்டும் தூரத்தில்தான் நின்றான். போர்டும் பையன் காலும் கயிற்றால் கட்டியிருக்கிறது. லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறான். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் கால் நகரவில்லை. காஷுவால்டியில் எத்தனை பேரை வழிநடத்தியிருக்கிறேன், அங்கே மார்பளவுகூட இல்லாத தண்ணீரில் மரம் மாதிரி நின்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்பது ஒன்றுதான் ஓடியது.

பையன் மூக்கில் சளி ஒழுக மேலே வந்து, "மாமா, உப்பு!" என்றான். அவ்வளவுதான். கடல் தண்ணி உப்பு என்று பன்னிரண்டு வயதில் அன்றைக்குத்தான் வாயால் தெரிந்துகொண்டிருக்கிறான்.

பத்தாவதோ பதினொன்றாவதோ அலையில் எழுந்து நின்றான். ஒரு நொடி. அதற்குள் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத நாலு பேர் கத்திக் கொண்டாடிவிட்டார்கள். படகு நிழலில் தூங்கிய வெள்ளைக்காரரும் எழுந்து கை தட்டினார். நாய் எழவில்லை.

நான் நிற்கவே இல்லை. குப்புறப் படுத்துக் கரை வரை வந்தேன், நாலு முறை. தொடை உரசல், மூக்கில் தண்ணி, முழங்காலில் சிராய்ப்பு. பரவாயில்லை.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் எல்லோரும் நிழலுக்கு வந்தோம். தம்பியின் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழியிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாகச் சதை வளர்ந்திருந்தது. வெயில், காற்று, உப்பு. இதற்கு ஆங்கிலத்தில் 'சர்ஃபர்ஸ் ஐ' என்றே செல்லப் பெயர் உண்டு. இதே சதையை நடவு நடுகிற, செங்கல் அறுக்கிற எத்தனையோ பேர் கண்ணில் எங்கள் ஓபியில் பார்க்கிறேன். அவர்கள் பெயரில் யாரும் வியாதிக்குப் பெயர் வைக்கவில்லை. கூலிங் கிளாஸ் போடு, தொப்பி போடு, கருவிழிக்குள் ஏறினால் கண் டாக்டரைப் பாரு என்றேன். பந்தாவுக்குப் போடுவது இல்லை தம்பி கூலிங் கிளாஸ், மருந்து.

அப்புறம் அவன் ஒரு கேள்வி கேட்டான். அதற்காகத்தான் இந்த த்ரெட்டே எழுதத் தோன்றியது. "அண்ணா, மூச்சே இல்லாம தூக்கிட்டு வந்தா, முதல்ல நெஞ்சை அமுக்கணுமா, ஊதணுமா?"

இந்த ஊர் சர்ஃப் பசங்க கடலில் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ முறை போர்டில் போட்டுக் கரை சேர்த்திருக்கிறார்கள். அவனுக்கு இது பரீட்சைக் கேள்வி இல்லை. ஒரு லைஃப் ஜாக்கெட்டைச் சுருட்டி மணலில் வைத்து அங்கேயே செய்து காட்டினேன். ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். உங்களுக்கும் சொல்கிறேன்.

மாரடைப்பில் முதலில் நிற்பது இதயம். மூழ்கியவனுக்கு முதலில் நிற்பது மூச்சு, அது நின்றதால் பிறகு இதயம் நிற்கிறது. அதனால் மூழ்கியவனுக்கு முதல் தேவை காற்று. மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து இரண்டிலிருந்து ஐந்து முறை நெஞ்சு எழும்புகிற மாதிரி ஊதணும். அசைவு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் முப்பது அமுக்கு, இரண்டு ஊது, திரும்ப முப்பது, இரண்டு. நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது வேகம், பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம். கூட இருக்கிற இன்னொருவர் அதே நேரத்தில் 108க்கு அடிக்கணும். ஆம்புலன்ஸோ ஆளோ வந்து வாங்கிக்கொள்ளும் வரை நிறுத்தக்கூடாது.

வயிற்றை அமுக்கக்கூடாது. தலைகீழாகத் தூக்கிச் சுற்றக்கூடாது. நுரையீரலுக்குள் போன தண்ணீர் நாம் நினைக்கிற அளவு இல்லை, அதைப் பிழிந்து எடுக்கவும் முடியாது. வயிற்றை அமுக்கினால் சாப்பிட்டது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். அதைவிட மோசம், அந்த ஐந்து நிமிடம் வீணாகப் போகும். மூளைக்கு அந்த ஐந்து நிமிடம்தான் கணக்கு. பிழைத்து எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாங்க. இருமல், மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் கூடலாம், பார்த்து அனுப்புவோம்.

இன்னொன்று. நீச்சல் தெரியாமல் காப்பாற்றக் குதித்து ஒன்று இரண்டாவது, இரண்டு மூன்றாவது வாரம் தவறாமல் செய்தியில் வருகிறது. குதிக்காதீங்க. எதையாவது வீசுங்க. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நாலு இளைஞர்கள் மூழ்கியபோது, துணி துவைத்துவிட்டுக் கிளம்பிய மூன்று பெண்கள் கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்தார்கள். தமிழக அரசு அவர்களுக்கு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. புடவை, வேட்டி, கயிறு, மூடி போட்ட காலி கேன், எதுவானாலும் சரி.

"நீச்சல் தெரிஞ்சாதான் பசங்க தைரியமா ஆழத்துக்குப் போய் சாவுறாங்க" என்று சிலர் சொல்வார்கள். அக்காவும் சொல்வாள். வங்கதேசத்தில் நம்ம ஊர் மாதிரியே குளம் குட்டை நிறைந்த கிராமங்களில், குளத்துக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். கற்றுக்கொண்ட பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நீச்சல் குளமும் இல்லை, டைல்ஸும் இல்லை, மூங்கில்தான். எங்க ஊர் ஏரியில் மூங்கில் நடுவதற்கு ஏரி வாரியம் இருந்திருந்தால் மனு கொடுத்திருப்பேன். இப்போது யாரிடம் கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வரும்போது பையன் பின்னால் உட்கார்ந்து தூங்கவே இல்லை. உத்திரமேரூர் ஏரிக்கரையில் பைக் ஏறியதும் தோளைத் தட்டினான். "மாமா, அங்க தண்ணி கருப்பா இருக்கு பாரு. பள்ளம் இருக்குமா?"

இருக்கும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். கடல் பார்த்துட்டு வந்தவன் டிரவுசர் பாக்கெட்டில் எப்படி அத்தனை மணல் இருக்கும்? எதுவும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், அவன் மேலே வராத அந்த மூன்று நொடி உட்பட. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பேசவே இல்லை. பையனைக் கூப்பிட்டு, பின்கட்டில் நிற்க வைத்து, சின்ன வயதில் ஊற்றுகிற மாதிரி சொம்பு சொம்பாகத் தலையில் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு நாள் என்னிடம் பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் ராத்திரி டியூட்டியில் இருக்கும்போது போன் வந்தது. எடுத்ததும் ஹலோ கிடையாது.

"நீ எழுந்து நின்னியா?"

"இல்லக்கா. படுத்துட்டே வந்தேன்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் டிவி ஓடுவது கேட்டது.

"அங்க பொட்டப் புள்ளைங்களுக்கும் சொல்லித் தராங்களா?" என்றாள். அவளுக்குச் சின்னவள் ஒருத்தி இருக்கிறாள், எட்டு வயது.

சொல்லித் தராங்க என்றேன்.